பெங்களூர் நிலமும் நிலநடுக்கமும்: ஒரு பாடத் திருத்தம்



முப்பத்தொரு ஆண்டுகள் இந்நகரில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்தவர்கள் பலர் இன்று நமது சங்கத்தில் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். ஆண்டுதோறும் நிலநடுக்கப் பாடம் வரும்போது அவர்களிடம் தவறாமல் ஒன்று சொல்வேன்: "நாம் பாறை மேல் இருக்கிறோம், நமக்குப் பயமில்லை." அதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் திருத்தவே இக்கட்டுரை.

திருத்த வேண்டும் என்ற எண்ணம் வந்தது என் வீட்டு விவகாரத்தால்தான். சென்ற ஆண்டு என் மகன், "அப்பா, மேலே இரண்டு மாடி எழுப்பி வாடகைக்கு விடலாம். கீழே சுவர்களை எடுத்துவிட்டால் நான்கு கார் நிற்கும்" என்றான். நானும் சரி என்றேன். பார்வையிட வந்த பொறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், இங்கே அடியில் மண் எப்படி?" பாறைதான் என்று சொல்ல வாயெடுத்த எனக்கு, வீடு கட்டிய சில ஆண்டுகளில் போர்வெல் போட்டது நினைவுக்கு வந்தது. முதல் இருபது அடிக்குக் கறுப்புச் சேறுதான் வந்தது. எங்கள் குடியிருப்பு ஒரு காலத்தில் ஏரி. அது தெரிந்தும், முப்பத்தொரு ஆண்டுகள் "பாறை மேல் இருக்கிறோம்" என்று பாடம் நடத்தியிருக்கிறேன்!

கோலாரில் கற்ற முதல் பாடம்

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். வடாற்காடு, சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த 'லைன்' வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. சில இரவுகளில் அலமாரியில் எவர்சில்வர் பாத்திரங்கள் திடீரென்று கலகலக்கும். தரையில் ஒரு குலுக்கல் வந்து அடங்கிவிடும். அம்மா உடனே எழுந்து கடிகாரத்தைப் பார்ப்பார். அப்பா எந்த ஷிப்டு என்பதுதான் அவருடைய கணக்கு. தெருவில் மற்ற வீட்டுக் கதவுகளும் திறக்கும். யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். ஷிப்டு முடிந்து ஆட்கள் மேலே வரும்வரை அப்படியே வாசலில் நிற்பார்கள்.

இதற்குப் பெயர் 'ராக் பர்ஸ்ட்', அதாவது பாறை வெடிப்பு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம்வரை சென்றது. அவ்வளவு ஆழத்தில் மேலே உள்ள பாறையின் எடை நான்கு பக்கமும் நெருக்குகிறது. நாம் நடுவில் தோண்டி வெற்றிடம் உண்டாக்குகிறோம். நெருக்கம் தாங்காத பாறை ஒரு கணத்தில் நொறுங்கித் தெறிக்கிறது. பழைய பிளவுகள் சுரங்கத்தைக் குறுக்கிடும் இடங்களில் இது அதிகம். 'மைசூர் நார்த் ஃபால்ட்' என்ற பிளவின் பெயர் அங்கே சுரங்கத் தொழிலாளிகளுக்குக்கூடத் தெரியும். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன.

எவ்வளவு உறுதியான பாறையும் நெருக்கினால் அதிரும், அதிலும் பழைய பிளவு உள்ள இடத்தில் முதலில் அதிரும் என்பதை நான் அங்கே நேரில் கண்டேன். பிறகு புத்தகம் படித்து ஆசிரியரானபோது இதை மறந்துவிட்டேன் போலும்.

லால்பாக் பாறை

பெங்களூர் நிலத்தை அறிய நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. லால்பாக் தோட்டத்தில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைக் குன்றே போதும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்து, விளக்கப் பலகையும் வைத்திருக்கிறது. மாலையில் நடக்கப் போகிறவர்களில் அதைப் படிப்பவர் சிலரே.

அந்தப் பாறை 'தீபகற்ப நைஸ்' என்ற வகையைச் சேர்ந்தது. வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து பிசைந்து உருவானது. அதனால்தான் வெள்ளையும் கறுப்புமான வரிகள் அதில் ஓடுகின்றன. சப்பாத்தி மாவில் இரண்டு நிறத்தைச் சரியாகக் கலக்காமல் பிசைந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும்.

மைசூர் சாலையில் சுமார் 50 கி.மீ. சென்றால் ராமநகரக் குன்றுகள். 'ஷோலே' படம் எடுத்த இடம் என்றால் எல்லோருக்கும் புரியும். அங்குள்ள கிரானைட் சற்று இளையது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். ஊரின் பழைய பெயரான குளோஸ்பெட் என்பதே அந்தப் பாறைக்குப் பெயராகிவிட்டது. வடக்குத் தெற்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் இந்தக் கிரானைட் பட்டை, பழைய நைஸ் பாறையைப் பிளந்துகொண்டு உருகிய குழம்பாக மேலெழுந்து குளிர்ந்தது. நமது சுற்றுவட்டாரப் பாறையில் ஒட்டும் தையலும் அக்காலம் தொட்டே இருக்கின்றன.

விரிசல் வேறு, பிளவு வேறு

லால்பாக் பாறையில் பல கோடுகளைக் காணலாம். அவை எல்லாம் நிலநடுக்கப் பிளவுகள் அல்ல. பாறை பிளந்து, இரு பக்கமும் இடம் மாறாமல் இருந்தால் அது விரிசல். பிளந்தபின் ஒரு பக்கம் மறுபக்கத்தை உரசி நகர்ந்திருந்தால்தான் அது பிளவுப் பெயர்ச்சி. நாம் சுருக்கமாகப் பிளவு என்போம்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பாறையில் ஓடும் வெள்ளை வரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போங்கள். கோடு ஒன்று குறுக்கிடும். அதைத் தாண்டிய பிறகும் வரி நேராகத் தொடர்ந்தால் அது விரிசல். கோட்டுக்கு அப்பால் வரி காணாமற்போய், அரையடி தள்ளி மறுபடி தொடங்கினால், அங்கே பாறை அரையடி நகர்ந்திருக்கிறது என்று பொருள். புடவைக் கரையை வெட்டி, ஒட்டுப்போடும்போது பொருத்தம் தவறிவிட்டது போல இருக்கும். பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்று இதைச் செய்து பாருங்கள். அரைமணி நேரத்தில் அவர்கள் நம்மைவிட நன்றாகக் கண்டுபிடிப்பார்கள்.

அரையடிப் பிளவால் ஆபத்தில்லை. பல கிலோமீட்டர் நீளமும் ஆழமும் உள்ள பிளவு திடீரென்று நழுவினால்தான் ஊர் அதிரும்.

பழைய பாறை ஏன் அதிர்கிறது?

நிலநடுக்கம் என்றால் இமயமலையும் ஜப்பானும்தான் என்று பாடநூல்கள் சொல்லும். புவித்தட்டுகளின் விளிம்பில்தான் நடுக்கம் மிகுதி என்பது சரியே. ஆனால் நமது இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வீதம் வடகிழக்காக நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. முட்டுவது இமயத்தில் என்றாலும் அழுத்தம் தட்டு முழுவதும் பரவுகிறது. தக்காணப் பாறையில் உள்ள பழைய பிளவுகள் அந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்கின்றன. சிறுவயதில் முறிந்து கூடிய எலும்பு மழைக்காலத்தில் வலிக்கிறதல்லவா? அதுபோல, புதிய நெருக்கம் வரும்போது பழைய காயம்தான் முதலில் அசைகிறது.

இதற்குச் சான்றுகள் நம் தென்னாட்டிலேயே உள்ளன. 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் சுமார் 6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டுத் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. 1967 டிசம்பர் 11 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் 6.3 அளவில் நிலம் நடுங்கிச் சுமார் 180 பேர் மாண்டனர். புதிய அணையில் தேங்கிய நீர் பாறை இடுக்குகளில் இறங்கிப் பழைய பிளவைத் தளர்த்தியதே அதற்குக் காரணம் என்பது ஆய்வாளர் முடிவு.

எல்லாவற்றுக்கும் மேலாக கில்லாரி. 1993 செப்டம்பர் 30. கணபதி விசர்ஜனம் முடித்துவிட்டு லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டக் கிராமங்கள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன்பு 6.2 அளவில் நிலம் அதிர்ந்தது. மண் குழைத்துக் கட்டிய பருத்த கருங்கல் சுவர்களும், மேலே கனத்த மண் பரப்பிய கூரைகளும் தூங்கியவர்கள் மேல் சரிந்தன. எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் இறந்தனர். அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் அப்பகுதி இருந்தது முதலாம் மண்டலத்தில், அதாவது ஆபத்து மிகக் குறைந்தது என்று குறிக்கப்பட்ட இடத்தில்! பெங்களூரும் அப்போது அதே மண்டலத்தில்தான் இருந்தது. 2002-இல் வரைபடம் திருத்தப்பட்டபோது முதலாம் மண்டலம் என்பதையே நீக்கிவிட்டார்கள். பெங்களூர் இரண்டாம் மண்டலமாயிற்று. சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு உயர்ந்தது.

1993-இல் அந்தச் செய்தியை வகுப்பில் வாசித்துக் காட்டியவன் நான். அப்போதும் "நாம் பாறை மேல்" என்றுதான் முடித்தேன். கில்லாரிக்கு அடியிலும் எரிமலைக் குழம்பு உறைந்த கெட்டிப் பாறைதான் இருந்தது என்பதை யோசிக்கவில்லை.

நமது சுற்றுப்புறப் பிளவுகள்

கனகபுரா சாலையில் தெற்கே போனால் அர்க்காவதி ஆறு காவிரியோடு கலக்கும் சங்கமா வரும். அங்கிருந்து சில கிலோமீட்டரில், நாம் 'ஆடு தாண்டும் காவிரி' என்று சொல்லும் மேகதாட்டு. அகன்று வந்த காவிரி அங்கே குறுகி, பாறையைச் செங்குத்தாக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. வயதான நிலத்தில் ஆறு சமவெளியில் போவதுபோல் நிதானமாகத்தான் போக வேண்டும். இப்படி ஆழமாக வெட்டிக்கொண்டு பாய்வது நிலம் அண்மைக் காலத்தில் உயர்ந்ததன் அடையாளம். புவியியலில் அண்மைக் காலம் என்றால் சில ஆயிரம், சில லட்சம் ஆண்டுகள். பேராசிரியர் கே. எஸ். வால்தியா பெங்களூரில் பணியாற்றிய காலத்தில், தென்கிழக்குக் கர்நாடகத்திலும் அதை ஒட்டிய தமிழகப் பகுதியிலும் பழைய பிளவுகள் மறுபடி அசைந்திருப்பதை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார்.

இந்திய அறிவியல் கழகத்தின் டி. ஜி. சீதாராம், பி. அன்பழகன் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பெங்களூருக்கு அதிக அதிர்வைத் தரக்கூடியது மண்டியா - சென்னபட்டணா - பெங்களூர் வழியாகச் செல்லும் நீள்கோடு என்று கண்டனர். அதில் எதிர்பார்க்கக்கூடிய பெரிய நடுக்கம் 5.1 அளவு என்பது அவர்கள் கணக்கு. 2001 ஜனவரி 29-இல், அதாவது பூஜ் நிலநடுக்கம் நிகழ்ந்த மூன்றாம் நாள், 4.3 அளவில் இந்நகரம் அதிர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். 2021 டிசம்பர் 22 காலையில் சிக்கபள்ளாப்பூர்ப் பக்கம் 2.9, 3.0 அளவுகளில் அடுத்தடுத்து இரண்டு சிறு நடுக்கங்கள் பதிவாயின.

எண்களைக் கண்டு மிரளவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். எனவே சிக்கபள்ளாப்பூரைவிட கில்லாரி இரண்டு மடங்கு அல்ல, அறுபதாயிரம் மடங்கு பெரியது.

நமது பாறைக்கு ஒரு பெருமையும் உண்டு. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நில அதிர்வு நிலையம் 1965 முதல் இயங்கி வருகிறது. உலகின் எங்கோ ஒரு மூலையில் அணுகுண்டுச் சோதனை நடந்தால் அதைக் கேட்டறிவதற்காக நிறுவியது அது. சந்தடி குறைந்த, கெட்டியான பாறை வேண்டும் என்பதால் அவ்விடத்தைத் தேர்ந்தார்கள். ஆக, பாறை நல்ல பாறைதான். பாறை மீது நான் சொல்லும் குறை எதுவுமில்லை.

பாறைக்கும் வீட்டுக்கும் நடுவே

குறை எங்கே என்றால், பாறைக்கும் நம் வீட்டுக்கும் நடுவில். பெங்களூர் ஏரிகளின் ஊர். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்கும் இடம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்குமிடம் சம்பங்கி ஏரி. பெயர் தெரியாமல் தூர்ந்து மனைகளானவை இன்னும் பல. பாறையில் வரும் அதிர்வு சேற்றிலும் நிரப்பிய மண்ணிலும் ஏறும்போது வேகம் குறைந்து வீச்சு பெருகும். தாம்பாளத்தில் கல்லையும் கேசரியையும் வைத்துத் தட்டிப் பாருங்கள். கல் அசையாது, கேசரி ஆடும்.

1985 செப்டம்பர் 19-இல் மெக்சிகோ நகரத்தில் நடந்தது இதுதான். நடுக்கத்தின் மையம் முன்னூறு கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் கடற்கரையில். ஆனாலும் நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். பழைய டெஸ்கோகோ ஏரிப்படுகை மேல் நின்ற கட்டடங்கள் வீழ்ந்தன. பக்கத்திலேயே கெட்டி நிலத்தில் நின்றவை பெரும்பாலும் தப்பின.

இரண்டாவது குறை கட்டும் முறை. 2001 ஜனவரி 26-இல் பூஜ் அருகே 7.7 அளவில் நிலம் நடுங்கியபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்து பல நூறு பேர் மாண்டனர். அவற்றில் பல, கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் நின்றவை. மேலே சுவர்கள் நிறைந்து விறைப்பாக இருக்கும். கீழே தூண்கள் மட்டும் இருக்கும். அதிர்வு வரும்போது ஆட்டம் முழுவதையும் அந்தத் தூண்களே தாங்க வேண்டும். அவை முறிந்தால் மேல்மாடிகள் அப்படியே உட்கார்ந்துவிடும்.

என் மகன் செய்ய நினைத்ததும், நான் சரி என்றதும் இதைத்தான் என்று இப்போது புரிந்திருக்கும். ஏரி மண்ணின் மேல், இருந்த சுவரையும் எடுத்துவிட்டு, இரண்டு மாடி கூடுதல் பாரம்!

கேட்க வேண்டிய கேள்விகள்

மனையோ அடுக்குமாடி வீடோ வாங்கும் அன்பர்கள் பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது? பழைய நில வரைபடத்தைப் பாருங்கள். அக்கம்பக்கத்து முதியவர்களை விசாரியுங்கள். போர்வெல் போட்டவரைக் கேட்டால் எத்தனை அடியில் பாறை வந்தது என்று சொல்லிவிடுவார்.

இரண்டு: மண் பரிசோதனை செய்திருக்கிறார்களா? அறிக்கையைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

மூன்று: கீழ்த்தளம் கார் நிறுத்தமானால், தூண்களைப் பெரிதாக்கியோ, சில இடங்களில் அடிமுதல் முடிவரை கான்கிரீட் சுவர் எழுப்பியோ வலுப்படுத்தியிருக்கிறார்களா?

நான்கு: தூணில் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் 'ரிங்' கம்பிகளின் முனை எப்படி வளைந்திருக்கிறது? முனை 135 பாகை வளைந்து தூணின் உள்ளே புதைந்திருக்க வேண்டும். வெறும் செங்கோணமாக வளைத்தால் அதிர்வில் பிரிந்துகொள்ளும். கான்கிரீட் போடுவதற்கு முன்தான் இதைப் பார்க்க முடியும்.

ஐந்து: செங்கல் சுவர் வீடானால், ஜன்னல் மட்டத்துக்கு மேல் வீட்டைச் சுற்றி ஒரே தொடர்ச்சியாக லிண்டல் பெல்ட் ஓடுகிறதா?

பழைய வீட்டில் இருப்பவர்களும் சில வேலைகளைச் செய்யலாம். பீரோவைச் சுவரோடு இணைத்துவிடுங்கள். தலைக்கு மேல் பரணில் கனமான பொருளை வைக்காதீர்கள். நிலம் ஆடத் தொடங்கினால் மாடிப்படிக்கு ஓடாமல் உறுதியான மேசைக்குக் கீழே தலையைக் காத்துக்கொண்டிருங்கள். லிப்டில் ஏறவேண்டாம். 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு அப்பால் கடலில் 8.6 அளவில் நடுக்கம் ஏற்பட்டபோது, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள இந்நகரத்தின் மாடி அலுவலகங்களிலிருந்தும் மக்கள் பதறி இறங்கி வந்தார்கள். உயரமான கட்டடங்கள் தொலைதூர நடுக்கத்தின் நீண்ட அலைகளுக்குக்கூட அசைந்து கொடுக்கும்.

முடிவாக

என் வீட்டில் மாடி எழுப்பும் திட்டத்தைக் கைவிட்டோம். மகனுக்கு முதலில் வருத்தம்தான். வாடகைக் கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை லால்பாக் அழைத்துச் சென்று, பாறையில் ஒரு வெள்ளை வரியின் மேல் விரல் வைத்துக் காட்டினேன். பிறகு வீட்டுக்கு வந்து போர்வெல் இருந்த இடத்தைக் காட்டினேன். "இரண்டுக்கும் நடுவில்தான் நாம் குடியிருக்கிறோம் இல்லையாப்பா?" என்றான். அதன்பின் அவன் மாடிப் பேச்சை எடுக்கவில்லை. கீழ்த்தளத் தூண்களையும் சுவர்களையும் வலுப்படுத்தும் வேலை இப்போது நடக்கிறது.

என் பழைய மாணவ மாணவியருக்கு: நான் சொன்ன வாக்கியத்தை உங்கள் குறிப்பேட்டில் திருத்திக்கொள்ளுங்கள். பெங்களூர் பாறை மேல் இருக்கிறது. உங்கள் வீடும் பாறை மேல் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு இப்படியே சொல்லிக்கொடுங்கள்.